ஒரு பொருளில் எத்தனை பேர்? உடுத்தும் கலையும் கூட்டுக் கண்காட்சியும்

அம்மாவைக் கண்டியில் ஒரு கண்காட்சிக்குக் கூட்டிப் போயிருந்தேன். ஆடைகள், கழுத்தணிகள், கதிரைகள், விளக்குகள் என்று மண்டபம் முழுக்க நிறம். எல்லாம் பல கலைஞர்களும் கைவினைஞர்களும் சேர்ந்து செய்தவை. ஒரு கழுத்தணிக்கு முன்னால் அம்மா நின்றுவிட்டார். சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டி, ஒவ்வொன்றிலும் செம்மஞ்சள், நீல நூலைச் சுற்றி, தோள் வரை விரியும்படி கோத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இத போட்டுக்கிட்டு எங்க போறது?" என்று கேட்டார். அப்புறம், "இத யாரு செஞ்சது?" என்றார்.

இப்படிப்பட்ட கண்காட்சிக்கு முதல்முறை போகிறவர் மனதில் வரும் கேள்விகள் இவைதான். கேட்க வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டு சுற்றி வருபவர்களே அதிகம். ஆனால் இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், எங்கே போட்டுக்கொண்டு போவது?

ஓவியத்துக்குச் சுவர் இடம். சிலைக்குப் பீடம். உடுத்தும் கலைக்கு மனித உடம்புதான் இடம். அணியும்படி செய்யப்பட்டிருந்தாலும், குளிருக்கோ மானத்துக்கோ வேலைக்கோ என்று அது செய்யப்படவில்லை. ஒரு ஆள் அணிந்து, நடந்து, திரும்பும்போது என்ன தெரிகிறது என்பதற்காகச் செய்யப்பட்டது. சுவரில் மாட்டி வைத்தால் அது பாதிப் பொருள்தான்.

மலையகத்தில் வளர்ந்த யாருக்கும் இது புதிதில்லை. காவடியை நினைத்துப் பாருங்கள். கோயில் மூலையில் சாத்தி வைத்திருக்கும்போது அது வளைத்த மரமும் மயிலிறகும் துணியும். திருவிழா அன்று ஒருவர் தோளில் ஏறி, மேளம் தொடங்கி, அவர் கால் ஆடத் தொடங்கியதும்தான் அது காவடி ஆகிறது. அதைப் பார்த்து "இத போட்டுக்கிட்டு எங்க போறது?" என்று யாரும் கேட்பதில்லை. போக வேண்டிய இடமும் நாளும் எல்லாருக்கும் தெரியும். காமன் கூத்தில் மன்மதனும் ரதியும் அணியும் முடியும் மாலையும் அப்படித்தான். கண்டிப் பெரஹரா ஊர்வலத்தில் வெஸ் என்ற கண்டி நடனம் ஆடுபவர் தலையில் மின்னும் தட்டும் அப்படித்தான். ஆனால் உடுத்தும் கலைக்கு ஊரும் பண்டிகையும் ஏற்கனவே தீர்மானித்த இடம் கிடையாது. அந்த இடத்தைக் கலைஞர் தானே உண்டாக்க வேண்டும். கண்காட்சி அதற்குத்தான்.

இந்த வகைக் கலைக்கு ஒரு தொடக்கப் புள்ளி சொல்லச் சொன்னால் நான் ஒரு போர்வையைச் சொல்வேன். உக்ரைனில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த ஓவியர் சோனியா டெலோனே, 1911இல் தன் கைக்குழந்தைக்காகத் துணித்துண்டுகளை ஒட்டிப் போர்வை தைத்தார். தன் நாட்டுக் குடியானவர் வீடுகளில் தைப்பது போன்ற ஒட்டுப் போர்வைதான். தைத்து முடித்துப் பார்த்தபோது, தானும் நண்பர்களும் ஓவியத்தில் தேடிக்கொண்டிருந்த ஒன்று இந்தத் துணியில் இருப்பதைக் கண்டார். 1913இல் அதே முறையில் நிறத் துண்டுகளை இணைத்து ஒரு ஆடை தைத்து, பாரிஸின் ஒரு நடன மண்டபத்துக்கு அணிந்துகொண்டு போனார். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் குளிருக்காகப் பழைய சேலைகளை மடித்துத் தைத்த போர்வைக்குள் தூங்கியவள் நான். அது என் பாட்டி தைத்தது. ஒரு ஓரத்தில் கத்தரிப்பூ நிறச் சேலையும் நடுவில் மஞ்சள் சேலையும் இருந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. அந்தப் போர்வையை நான் கலை என்று பார்க்கவே இல்லை. சோனியாவின் போர்வை இன்று பாரிஸ் அரும்பொருட்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு போர்வைக்கும் நடுவில் இருப்பது திறமையில் உள்ள தூரம் என்று நான் நம்பவில்லை. ஒன்றை யாரோ எடுத்து வைத்தார்கள். மற்றது கிழியும் வரை போர்த்தப்பட்டது.

அடுத்தது பொருள் பற்றிய கதை. அன்னி ஆல்பர்ஸ் நெசவு படித்தது ஜெர்மனியின் பவ்ஹவுஸ் கலைப் பாடசாலையில். நாஜிகளின் நெருக்கடியில் அது 1933இல் மூடப்பட்டதும் கணவருடன் அமெரிக்காவுக்குப் போய், பிளாக் மவுன்டன் கல்லூரியில் கற்பித்தார். மெக்சிகோவுக்குப் போனபோது மொன்டே அல்பான் என்ற பழங்கால நகரத்தின் கல்லறையிலிருந்து எடுத்த நகைகளைப் பார்த்தார். அங்கே தங்கத்தையும் முத்தையும், சாதாரணச் சிப்பியையும் பக்கத்துப் பக்கத்தில் கோத்திருந்தார்கள். திரும்பி வந்து, 1940 வாக்கில், அலெக்ஸ் ரீட் என்ற மாணவருடன் சேர்ந்து இரும்புக் கடைச் சாமான்களில் நகை செய்யத் தொடங்கினார். கழுவுதொட்டியில் வடிகாலுக்குப் போடும் சல்லடை பதக்கமானது. அதிலிருந்து காகிதக் கிளிப்புகள் குஞ்சம் போலத் தொங்கின. போல்ட்டுக்குப் போடும் வாஷர்களை ரிப்பனில் கோத்து இன்னொரு மாலை. பொன் இல்லை, கல் இல்லை. ஆனால் படத்தில் பார்த்தாலும் அது நகை என்று உடனே தெரியும். ஒழுங்காக வரிசைப்படுத்தியதில் வந்த அழகு அது. சைக்கிள் டியூப் கழுத்தணியும் அந்த வழியில் வந்ததுதான்.

மூன்றாவது ஆளை நான் எல்லாரையும் விட அதிகம் மதிக்கிறேன். பிரேசில் நாட்டுக் கலைஞர் ஹேலியோ ஒய்டிசிக்கா. 1964இல் ரியோ டி ஜெனீரோவின் மங்கேரா என்ற ஏழைக் குடியிருப்புக்குப் போய், அங்குள்ள சம்பா நடனக்காரர்களோடு பழகினார். அவர்களுக்காகத் துணி, பிளாஸ்டிக், சாக்கு இவற்றால் பெரிய மேலங்கிகள் செய்தார். பரங்கொலே என்று பெயர் வைத்தார். அதைத் தொங்கவிட்டால் ஒன்றும் தெரியாது. ஆடும்போதுதான் உள் அடுக்கில் ஒளிந்திருக்கும் சிவப்பும் மஞ்சளும் வெளியே வரும். 1965இல் ரியோவின் நவீன கலை அரும்பொருட்காட்சியகத்தில் ஒரு கண்காட்சி திறக்கப்பட்டபோது, அந்த மேலங்கிகளை அணிந்து மங்கேரா மக்கள் ஆடிக்கொண்டே வந்தார்கள். அவர்களை உள்ளே விடவில்லை. வெளியே நின்று ஆடினார்கள்.

இதை முதலில் வாசித்தபோது எனக்கு அம்மாவின் படங்கு நினைவுக்கு வந்தது. தேயிலைச் செடியின் குச்சி சேலையைக் கிழிக்காமலும் பனி நனைக்காமலும் இருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டும் முரட்டு விரிப்பு. சாக்கு என்றால் நமக்கு வேலை. அதே சாக்கு ஒருவர் உடம்பில் ஆட்டமாக, நிறமாக மாற முடியும் என்று காட்டியது அந்த மேலங்கி. ஆனால் மேலங்கியை ஏற்றுக்கொண்ட கட்டிடம் அதை அணிந்தவர்களை ஏற்கவில்லை. உடுத்தும் கலையைப் பார்க்கும்போது இந்த நிகழ்ச்சியை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. பொருளைப் பார்த்துவிட்டு, அதை அணிய அழைக்கப்பட்டவர் யார் என்றும் பாருங்கள்.

இதெல்லாம் பெருநகரங்களில் மட்டும் நடப்பது என்று நினைத்துவிட வேண்டாம். உடுத்தும் கலைக்கு இன்று பெயர்பெற்ற போட்டி நியூசிலாந்தில் நடக்கிறது. அது 1987இல் நெல்சன் பகுதியின் ஒரு கிராமத்தில், மழையில் நனைந்த கூடாரத்துக்குள், சுமார் 200 பேர் முன்னிலையில் தொடங்கியது. சிற்பக் கலைஞர் சூசி மொன்கிரீஃப் ஒரு சின்னக் கலைக்கூடத்துக்கு ஆள் வர வேண்டும் என்று நடத்தியது. 2005இல்தான் தலைநகர் வெலிங்டனுக்குப் போனது. மழையும் கூடாரமும் நமக்குப் பழகியவைதானே.

சரி, நிறத்துக்கு வருவோம். இந்தக் கண்காட்சிகளில் நிறம் ஏன் இவ்வளவு உரக்கப் பேசுகிறது?

செவ்ரோல் என்ற வேதியியலாளர் பாரிஸின் கோபெலின் நெசவுச்சாலையில் சாயப் பிரிவின் பொறுப்பில் இருந்தார். கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்று அவரிடம் புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தார். சாயத்தில் குறை இல்லை. கறுப்புக்குப் பக்கத்தில் நெய்த நிறம்தான் அதை அப்படிக் காட்டியது. ஒரு நிறம் தனியாக ஒரு மாதிரியும், இன்னொன்றின் பக்கத்தில் வேறு மாதிரியும் தெரியும் என்பதை விரிவாக விளக்கி 1839இல் புத்தகம் வெளியிட்டார். சோனியாவும் அவர் கணவரும் நிறத்தைப் பற்றி யோசித்தது இந்தக் கருத்தைப் பிடித்துக்கொண்டுதான்.

இதை நீங்கள் புத்தகம் இல்லாமலே சோதிக்கலாம். தலவாக்கலையிலிருந்து நானுஓயாப் பக்கம் ரயிலில் போகும்போது எதிர் மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களைப் பாருங்கள். பத்துப் பேரில் சிவப்புச் சட்டை போட்டவர்தான் முதலில் கண்ணில் படுவார். பச்சைக்கு நேரெதிர் நிறம் சிவப்பு. அத்தனை பச்சைக்கு நடுவே அந்தச் சிவப்பு கடையில் பார்த்ததை விட அதிகச் சிவப்பாகத் தெரியும். மூட்டம் இறங்கினால் கதை மாறும். பச்சை சாம்பலாகிவிடும், நீலம் கரைந்துவிடும், மஞ்சள் மட்டும் மங்கிய விளக்குப் போல நிற்கும். கண்காட்சியில் ஒரு நாற்காலி கண்ணைக் குத்துகிறது என்றால் அதன் நிறத்தை மட்டும் குறை சொல்லாதீர்கள். பக்கத்தில் என்ன வைத்திருக்கிறார்கள், சுவர் என்ன நிறம் என்று பாருங்கள். வேண்டுமென்றே அப்படி வைத்திருப்பார்கள்.

வடிவமைப்புப் பொருள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உபயோகம் உண்டு, ஆனால் உபயோகத்தோடு நின்றுவிடாது. கதிரை, விளக்கு, கிண்ணம், அலுமாரி எதுவாகவும் இருக்கலாம். இதில் எல்லாரும் சொல்லும் உதாரணம் மெம்பிஸ் குழு. எத்தோரே சொட்சாஸ் என்ற முதியவரும் பல இளைஞர்களும் இத்தாலியின் மிலான் நகரில் 1981இல் நடத்திய கண்காட்சியில், சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பளீரென்ற மேற்பூச்சுப் பலகைகளில் செய்த தளபாடங்களை வைத்தார்கள். அதில் கார்ல்டன் என்ற புத்தக அலுமாரியின் தடுப்புப் பலகைகள் சில சாய்ந்து நிற்கும். புத்தகம் வைக்கலாம், ஆனால் அலுமாரி இப்படித்தான் இருக்க வேண்டுமா என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும். பழைய உதாரணம் வேண்டுமென்றால் மாத்தளைப் பக்கத்து ஹப்புவித கிராமத்து அரக்கு வேலையைப் பாருங்கள். அரக்கை நூல்போல இழுத்து, கட்டைவிரல் நகத்தால் வெட்டி வெட்டி மரத்தில் ஒட்டுவார்கள். சிவப்பு, மஞ்சள், கறுப்பு. பல தலைமுறைக்கு முந்திய கைமுறை, இன்றைய மேசையிலும் பொருந்துகிறது.

இப்போது அம்மாவின் இரண்டாவது கேள்வி. யார் செய்தது?

இங்கேதான் 'கூட்டு' என்ற சொல்லை நிறுத்திப் பார்க்க வேண்டும். பத்துக் கலைஞர்கள் ஆளுக்கு ஒரு பொருளைக் கொண்டுவந்து ஒரே மண்டபத்தில் வைத்தால் அது குழுக் கண்காட்சி. பத்துப் பேர் சமைத்து ஒரே பந்தியில் பரிமாறுவது போல. கூட்டுக் கண்காட்சியில் ஒரே பொருளுக்குள் பலர் கை இருக்கும். ஒருவர் வரைய, இன்னொருவர் நெய்ய, மூன்றாமவர் சாயம் போட, நெய்தவர் "இந்தக் கோடு நூலில் வராது" என்று சொன்னதும் வரைந்தவர் மாற்றி வரைவார். அந்த மாற்றம் நடந்ததா என்பதுதான் நான் பார்க்கும் அடையாளம். செய்கிறவர் சொல்லி வரைகிறவர் எதையும் மாற்றவில்லை என்றால், அது கூட்டு இல்லை. கூலிக்குச் செய்யச் சொன்னது.

இதற்கு நம் மலைநாட்டிலேயே நல்ல பாடம் இருக்கிறது. மாத்தளை அலுவிகாரையைச் சேர்ந்த ஈனா த சில்வா 1960களில் பத்திக் துணிக்குப் புது உயிர் கொடுத்தார். பத்திக்கில் நிறம் வேண்டாத இடத்தை உருக்கிய மெழுகால் மூடி, துணியைச் சாயத்தில் முக்குவார்கள். முதலில் வெளிர் நிறம். அப்புறம் அந்த நிறம் தங்க வேண்டிய இடத்தையும் மெழுகால் மூடி அடுத்த நிறம். கடைசியில் கொதிநீரில் மெழுகை இறக்குவார்கள். வரைபவர், மெழுகு வைப்பவர், சாயத்தைப் பார்ப்பவர், கழுவுபவர் என்று நாலு கட்டம். எந்தக் கட்டத்தில் கை பிசகினாலும் மொத்தத் துணியும் போச்சு. ஓவியர் லகி சேனநாயக்கவும் ஈனாவின் மகனும் வடிவங்கள் வரைந்தார்கள். கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டிய பெந்தோட்டை கடற்கரை ஹோட்டலின் வரவேற்பு மண்டபத்துக் கூரை முழுவதும் ஈனாவின் பத்திக் துணிகள். அண்ணாந்து பார்த்தால் திருவிழாப் பந்தல் மாதிரி இருக்கும். 1980களில் அவர் அலுவிகாரைக்கே திரும்பி வந்து, ஊர்ப் பெண்களோடு பத்திக்கும் தையலும் நடத்தினார். 2015இல் காலமானார்.

கண்டிக்குக் கிழக்கே தும்பறையில் நாரில் நெய்யும் பாய்களும் தொங்கல்களும் இன்னொரு வகைக் கூட்டு. அந்தக் கைமுறையை யுனெஸ்கோ 2021இல் தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அதில் யானை, பறவை, பூ என்று வரும் உருவங்களை இன்னார் வரைந்தார் என்று சொல்ல முடியாது. செத்துப்போன பலரும் அந்தக் கூட்டில் இருக்கிறார்கள்.

யார் செய்தது என்பதில் நான் இவ்வளவு பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் உண்டு. பல வருடம் முன்பு ஒரு சின்னக் கண்காட்சிக்கு அம்மா பின்னிய வயர் கூடையைக் கேட்டு வாங்கிப் போனார்கள். பச்சையும் ரோஸும் கலந்து, அடியில் நட்சத்திரம் வருகிற மாதிரி பின்னிய கூடை. போய்ப் பார்த்தால், கீழே வைத்த அட்டையில் 'தோட்டப் பெண்களின் கைவேலை' என்று மட்டும் இருந்தது. பக்கத்தில் இருந்த ஓவியத்தில் ஓவியர் பெயரும் ஆண்டும் இருந்தது. அம்மா அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது, "பேரு போடலயே" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

தோட்டத்தில் பேர் என்ற சொல்லுக்கு வேறு கனம் உண்டு. ஒரு நாள் வேலைக்கான கணக்குத்தான் பேர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், மலை ஏறி, கொழுந்து நிறுத்து, சொன்ன கிலோ வந்தால் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். நாள் முழுக்க நின்றவருக்கும் அரைப்பேர் விழலாம். அப்படி வாழ்ந்த ஒரு சமூகத்துக்கு, செய்த பொருளின் கீழே தன் பெயர் முழுதாக இருப்பது சின்ன விஷயம் இல்லை. கூட்டுக் கண்காட்சி நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இதைத்தான். வரைந்தவர், வெட்டியவர், பின்னியவர், சாயம் போட்டவர் என்று எல்லார் பெயரையும் எழுதுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். பொருள் விற்றால் பணம் எப்படிப் பிரியும் என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசி எழுதி வையுங்கள். முடிந்த பிறகு பேசினால் பேச்சே வராது.

விலை பற்றியும் ஒரு வார்த்தை. "டியூப்பும் நூலும்தானே, இவ்வளவு விலையா?" என்று கேட்பார்கள். மூன்று பேர் ஒரு வாரம் உட்கார்ந்து செய்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேரின் ஒரு வாரக் கூலியைக் கூட்டிப் பாருங்கள். நூலின் விலை அதில் எங்கே மறைந்தது என்று தேட வேண்டியிருக்கும்.

நம் பக்கத்தில் இப்படி ஒன்றைச் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குப் பொருளுக்குப் பஞ்சம் இல்லை. உரச்சாக்கு இருக்கிறது. கிழிந்த படங்கு இருக்கிறது. தேயிலையே ஒரு சாயம். கொழுந்து பறிக்கிறவர்களின் விரலில் ஏறி, எலுமிச்சை தேய்த்தாலும் லேசில் போகாத அந்தக் கறுப்புக் கறை தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருளால் வருவது. அதே துவர்ப்புதான் பருத்தித் துணியைச் சாயத்தில் பழுப்பாக்குகிறது. சாயத்தில் துருப்பிடித்த இரும்பைப் போட்டால் பழுப்பு சாம்பல் கறுப்பாக மாறும். கூடவே மழைக்காலத்தையும் நினைவில் வைக்க வேண்டும். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் துணியிலும் காகிதத்திலும் பூஞ்சணம் ஏறும். காய்ந்த மாதங்களில் நாள் குறிப்பது புத்தி. பழைய பொருட்களைப் பார்க்க வேண்டுமென்றால் கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில், பழைய லயத்துக்குள்ளேயே தோட்டத் தொழிலாளர் அரும்பொருட்காட்சியகம் ஒன்று இருக்கிறது. வேலைக் கருவிகளும் வீட்டுச் சாமான்களும் அங்கே உண்டு. எந்தக் கலைப் பாடசாலைக்கும் முன்னால் அங்கே ஒரு நாள் போய் வரலாம்.

கண்காட்சிக்குப் போனால் தொட்டுப் பார்க்கலாமா என்று கேளுங்கள். எல்லாவற்றையும் தொட விடமாட்டார்கள். கையின் எண்ணெய் துணியைக் கெடுக்கும். ஆனால் உடுத்தும் கலை வைத்த இடத்தில் போட்டுப் பார்க்கவென்றே ஒன்றிரண்டு வைத்திருப்பார்கள். கேட்காமல் இருந்தால் தெரியாது.

கண்டியில் அம்மா கேட்டுவிட்டார். அங்கே நின்ற பிள்ளை கழுத்தணியை எடுத்து அம்மாவின் தோளில் வைத்துப் பின்னால் கொக்கியைப் போட்டது. அம்மா கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நின்றார். அவருடைய அம்மா தண்டட்டி போட்ட காதோடு நிற்பதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன், அதே நிமிர்வு. "கனமே இல்லம்மா" என்றார் அந்தப் பிள்ளையிடம். அப்புறம் அட்டையைப் படிக்கச் சொன்னார். வடிவமைத்தவர் பெயரும் டியூப் வெட்டிக் கோத்தவர் பெயரும் இருந்தன. "நூல் சுத்துனது யாரு?" என்று கேட்டார். அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. உள்ளே போய்க் கேட்டு வந்து, ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி, பென்சிலால் அட்டையின் கீழே எழுதியது. எழுதி முடிக்கும் வரை அம்மா கழுத்தணியைக் கழற்றவில்லை.